20ஆம் தேதிக்கு மேல் கை காய்கிறதே, என்ன செய்ய?

கேள்வி: சார், எனக்கு வயது 34. ஊர் முக்கூடல். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை, சம்பளம் 24,000 ரூபாய். அதில் மொபைல் தவணை 2,000 போகிறது. மனைவி பீடி சுற்றுகிறாள். அவளுடைய வாரக்கூலி மகளிர் குழுத் தவணைக்கும் சில்லறைச் செலவுக்கும் சரியாகிவிடும். மகளுக்கு 8 வயது. மாதம் 20ஆம் தேதிக்கு மேல் கையில் காசு நிற்பதில்லை, அப்புறம் வீட்டில் தினமும் சண்டைதான். வங்கியில் 60,000 ரூபாய்க்கு நகை அடகில் இருக்கிறது. 12 சதவீத வட்டி, வருடா வருடம் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கிறேன். கூட வேலை பார்ப்பவர் மாதம் 3 வட்டி தரும் இடம் ஒன்று இருக்கிறது என்கிறார். கடன் வாங்கியாவது போடலாமா?

பதில்: வேண்டாம். மாதம் 3 வட்டி என்றால் வருடத்துக்கு 36 சதவீதம். நேர்மையான தொழில் எதுவும் உங்களைத் தேடி வந்து அவ்வளவு கொடுக்காது. முதலே திரும்பாமல் போகும். அந்தப் பேச்சை இத்தோடு விடுங்கள்.

உங்களுக்கு வேண்டிய முதலீடு அடகில் இருக்கிறது. வருடம் 7,200 ரூபாய் வட்டி கட்டுகிறீர்கள். நகையை மீட்டால் அந்தப் பணம் வீட்டிலேயே நிற்கும். எந்த ஆபத்தும் இல்லாமல் 12 சதவீதம் தருகிற இடம் வேறு எங்கே இருக்கிறது?

சரி, பணத்துக்கு எங்கே போக? நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி எனக்குப் பெரிதாகப் பட்டது. உங்கள் மனைவி குழுத் தவணையைத் தவறவிடுவதில்லை. தட்டை மடியில் வைத்து நாள் முழுக்கச் சுற்றி, சனிக்கிழமை கூலி கைக்கு வந்ததும் முதலில் குழுப் பணத்தை எடுத்து வைக்கிறார். மிச்சத்தில் அந்த வாரம் ஓடுகிறது. நீங்கள் முதலில் செலவு செய்துவிட்டு மிச்சத்தைத் தேடுகிறீர்கள். ஒரே வீட்டில் இரண்டு பழக்கம், அதில் அவருடையது பலிக்கிறது. அதையே நீங்களும் பிடித்துக்கொள்ளுங்கள்.

சம்பளம் ஏறிய அன்றே 4,000 ரூபாயை நகைக்கடனில் கட்டுங்கள். மொபைல் தவணை 2,000, மளிகை, கரண்ட் பில், பள்ளிச் செலவுக்கு 8,000 என்று வைத்தால் 10,000 மிஞ்சும். அதை மொத்தமாகக் கையில் வைத்திருக்காதீர்கள். ஜிபே இருக்கும் கணக்கை வேறாக வைத்து, சனிக்கிழமைதோறும் 2,300 ரூபாய் மட்டும் அதற்கு மாற்றுங்கள். மாதச் சம்பளக்காரர் வாரக்கூலிக்காரராக வாழ்ந்து பாருங்கள். வியாழக்கிழமை காசு தீர்ந்தால் இரண்டு நாள் இழுத்துப் பிடித்தால் போதும், பத்து நாள் திண்டாட வேண்டாம். உங்கள் வீட்டுச் சண்டையில் பாதி அந்தப் பத்து நாளில் பிறப்பதுதான்.

டீ, வடையை நிறுத்தச் சொல்ல மாட்டேன். வேலை முடிந்து ஜங்ஷனில் கூட்டாளிகளோடு குடிக்கிற ஒரு டீ மனதுக்கு நல்லது, அது யாரையும் கடனாளி ஆக்கியதில்லை. வாரப் பணத்துக்குள் அதுவும் அடங்கட்டும். கணக்கை மட்டும் சனிக்கிழமை இரவு மனைவியோடு உட்கார்ந்து பாருங்கள். அவருக்குத் தெரியாமல் எதுவும் வேண்டாம்.

இப்படிப் போனால் 17 மாதத்துக்குள் நகை வீட்டுக்கு வந்துவிடும். அன்றைக்கு 4,000 ரூபாயை விட்டுவிடாதீர்கள். கை பழகியிருக்கும், அப்படியே மாதாமாதம் பணம் போடுகிற தபால் அலுவலக ஆர்.டி.க்குத் திருப்புங்கள். இப்போதைய 6.7 சதவீத வட்டி நீடித்தால், 5 வருடத்தில் நீங்கள் போட்ட 2,40,000 ரூபாய் சுமார் 2,85,000 ஆகும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட முடியாது. பெண் குழந்தைகளுக்கான அரசின் செல்வமகள் சேமிப்புக் கணக்கை மகளுக்கு 10 வயது ஆவதற்குள் தொடங்கியாக வேண்டும். இப்போது 8.2 சதவீத வட்டி. வருடத்துக்கு 250 ரூபாய் போட்டாலும் கணக்கு உயிரோடு இருக்கும், கடன் தீர்ந்தபின் கூட்டிக்கொள்ளலாம். மகளின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் ஆதார், பான் அட்டையோடு இந்த வாரமே தபால் அலுவலகம் போய் வாருங்கள். வரும்போது வங்கியில் நகைக்கடனை மாதாமாதம் பகுதியாகக் கட்டலாமா என்றும் கேட்டுவிடுங்கள்.