தாச்சிக்கு முன்னால் அடங்காத கை: மாச்சத்தைக் குறைத்து உண்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

ஆடிப்பிறப்புக் கூழும் கொழுக்கட்டையும் முடிந்த கையோடு வன்னியில் பனம்பழம் விழத் தொடங்கிவிட்டது. சோற்றையும் பாணையும் குறைத்துக்கொண்டவர்கள் பலர், வீட்டில் சுடுகின்ற பலகாரத்தின் முன்னால் தோற்றுப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். நீரிழிவுக் கிளினிக்குகளில் 27 ஆண்டுகள் தாதியாக வேலை செய்தவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன். தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை: இன்சுலின் போடுபவர்களும், கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட், கிளிமெபிரைட் ஆகிய குளுசைகளில் ஒன்றை எடுப்பவர்களும் மருத்துவரிடம் சொல்லாமல் மாச்சத்தைக் குறைக்கவே கூடாது. மருந்தின் அளவு நீங்கள் உண்ணும் சோற்றைப் பார்த்து எழுதப்பட்டது; சோறு குறைந்தால் மருந்தும் குறைய வேண்டியிருக்கும்.

முள்ளியவளை, இரண்டு பிள்ளைகளின் தாய்: மிஸி, இரண்டு மாதமாக மதியம் சோறு எடுப்பதில்லை. எனக்கு நீரிழிவு இல்லை, உடம்பைக் குறைக்கத்தான் செய்கிறேன். போன சனிக்கிழமை பிள்ளைகளுக்காக அரைக் கிலோ கோதுமை மா, 400 கிராம் சீனி, இரண்டு பனம்பழத்தின் களி சேர்த்துப் பணியாரம் சுட்டேன். எண்பது உருண்டை வந்தது. இரண்டு மட்டும் சாப்பிடுவதாக நினைத்திருந்தேன், சுட்டு முடியும்போது பன்னிரண்டு தின்றிருந்தேன். எனக்கு மனக்கட்டுப்பாடே இல்லையா?

பதில்: தங்கச்சி, நீங்கள் கணக்கைச் சரியாக எழுதியிருப்பதால் நானும் கணக்கோடு தொடங்குகிறேன். அரைக் கிலோ கோதுமை மாவில் ஏறக்குறைய 380 கிராம் மாச்சத்து உண்டு, சீனி முழுவதும் மாச்சத்து, களியிலும் கொஞ்சம் இருக்கிறது. மொத்தத்தை எண்பதால் பிரித்தால் ஓர் உருண்டைக்குப் பத்துக் கிராமுக்குச் சற்று மேல் வரும். பன்னிரண்டு உருண்டையில் 125 கிராம் அளவில் போயிருக்கிறது; அது கிட்டத்தட்ட மூன்று கோப்பைச் சோற்றுக்குச் சமன். நாள் முழுவதற்கும் 130 கிராமுக்குக் குறைவாக எடுப்பதைத்தான் பொதுவாக மாச்சத்துக் குறைந்த உணவு என்கிறார்கள்.

மனக்கட்டுப்பாடு பற்றிக் கேட்டீர்கள். அன்று மதியம் என்ன சாப்பிட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அவித்த மரக்கறியும் வெறுந்தேநீருமாகத்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் சோற்றை விட்டவர்களில் அதிகம் பேர் அதன் இடத்தில் எதையும் வைப்பதில்லை. வெறும் வயிற்றோடு பின்னேரம் நான்கு மணிக்கு அடுப்படியில் குந்துகிறீர்கள். களியின் வாசம் வீடு முழுக்க நிற்கிறது. முதல் ஈடு எண்ணெயிலிருந்து வந்ததும் காறல் போய்விட்டதா, சீனி காணுமா என்று பார்க்க ஒன்றைப் பிய்த்து வாயில் போடுகிறீர்கள். மேல் மொறுமொறுவென்றும் உள்ளே மெத்தென்றும் இருக்கிறது. அடுத்த ஈட்டில் ஒன்று வால் வைத்து விழுகிறது, அதைப் பிள்ளைக்குக் கொடுக்க மனமில்லாமல் நீங்களே தின்கிறீர்கள். இப்படி எட்டு ஈடு. பசித்த வயிறு அந்த இடத்தில் வேறு எப்படி நடந்துகொள்ளும்? அதற்கு உங்கள் குணத்தைக் குற்றம் சொல்லாதீர்கள். தாச்சியை அடுப்பில் வைத்த பிறகு எடுக்கும் தீர்மானம் நிலைக்காது, அதற்கு முன்னரே எல்லாவற்றையும் முடிவு செய்திருக்க வேண்டும்.

அடுத்த முறை சுடுகின்ற நாளில் மதியம் வயிறு நிறையச் சாப்பிடுங்கள். குளத்து விரால் குழம்பு, முருங்கையிலை வறை, ஒரு முட்டை, விருப்பமானால் அரைக் கோப்பைச் சோறு. உப்புச் சீனி பார்க்கும் வேலையை மூத்த பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். ஒரு பழத்தின் களியோடு நிறுத்துங்கள். மிச்சப் பழத்தை அயல்வீட்டுக்குக் கொடுத்தால் அவர்கள் சுடுவதில் நாலு உங்களுக்கும் வரும். உங்கள் பங்கான மூன்றையும் சட்டியிலிருந்து தின்னாமல், சுட்டு முடித்துக் கை கழுவிய பின் ஒரு கோப்பையில் வைத்து இருந்து சாப்பிடுங்கள். மிஞ்சியது அன்றிரவே வீட்டை விட்டுப் போகட்டும். பனங்காய்ப் பணியாரம் மறுநாள்தான் ருசி கூடும் என்பது எனக்கும் தெரியும், அதனால்தான் சொல்கிறேன்.

கிளிநொச்சி, அரச ஊழியர்: குரக்கன் மாவிலும் ஒடியல் மாவிலும் பலகாரம் செய்தால் மாச்சத்து இராதல்லவா?

பதில்: இருக்கும். நூறு கிராம் அரிசியில் 78 கிராம் அளவில் மாச்சத்து என்றால் குரக்கனில் 72 கிராம் அளவில் இருக்கிறது. குரக்கனில் நார்ச்சத்தும் கல்சியமும் அதிகம், அதற்காகச் சோற்றுக்குப் பதிலாக அளவோடு உண்பது நல்லது. ஒடியல் என்பது பனங்கிழங்கைக் காயவைத்தது; கிழங்கில் இருப்பது பெரும்பாலும் மாச்சத்துத்தான். மாவை மாற்றியதால் பலகாரம் வேறொன்றாகிவிடுவதில்லை.

வவுனியா, 58 வயது: மிஸி, காலையிலும் இரவிலும் இன்சுலின் போடுகிறேன். மூன்று கிழமையாகச் சோற்றை அடியோடு விட்டுவிட்டேன். பின்னேரம் ஐந்து மணிக்குக் கை நடுங்கி வியர்த்துப் பதகளிப்பு வருகிறது. அப்போது மனைவி செய்து வைத்திருக்கும் எள்ளுருண்டையில் ஆறேழு சாப்பிட்டால்தான் அடங்குகிறது. இந்த ஆசையை எப்படி நிறுத்துவது?

பதில்: அண்ணை, இதை ஆசை என்று நினைக்காதீர்கள். உங்கள் குருதியில் சீனி ஆபத்தாகக் குறைகிறது என்பதற்கான அறிகுறிகள் இவை. உடம்பு உயிரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் உங்களை அந்த எள்ளுருண்டை ரின்னை நோக்கித் தள்ளுகிறது. சோற்றை விட்டீர்கள், இன்சுலினை அதே அளவில் போடுகிறீர்கள். நான் தொடக்கத்தில் எழுதிய எச்சரிக்கை உங்களுக்காகவே எழுதியது போலிருக்கிறது.

இனி நடுக்கம் வந்தால் முடியுமானால் விரலில் குத்திப் பாருங்கள். 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தாலோ, பார்க்கக் கருவி இல்லாவிட்டாலோ, உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். பதினைந்து நிமிடத்தில் குறையாவிட்டால் மறுபடியும் அதே அளவு. அடங்கிய பிறகு கொஞ்சம் சோறோ இரண்டு பிஸ்கட்டோ சாப்பிடுங்கள். எள்ளுருண்டை இதற்கு உதவாது, ஏனென்றால் எள்ளில் பாதிக்குப் பாதி எண்ணெய், அது சீனி குருதியில் சேர்வதைத் தாமதப்படுத்தும். அந்தத் தாமதத்தில்தான் நீங்கள் ஆறேழு தின்கிறீர்கள், பின்னர் இரவில் சீனி ஏறிக் கிடக்கும். நாளைக் காலை கிளினிக் நாளாக இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போய் உங்கள் மருந்தளவைத் திருத்துங்கள். அதுவரை மதியமும் இரவும் ஒரு கோப்பைச் சோறு கட்டாயம் சாப்பிடுங்கள். மனைவிக்கும் இந்தப் பதிலை வாசித்துக் காட்டுங்கள்.

மாங்குளம், இளைஞர்: அரியதரத்துக்குச் சீனியை விட்டுப் பனங்கட்டி போட்டால் வேண்டிய அளவு சாப்பிடலாமா?

பதில்: முடியாது. பனங்கட்டியிலும் பெரும்பகுதி சுக்குரோசுத்தான், சீனியில் இருப்பதும் அதுவே. தவிர அரியதரத்தில் பாதி அரிசி மா.

ஒட்டுசுட்டான், 71 வயது: பிள்ளை, நீர் இப்படி ஒரே வரியில் பனங்கட்டியைச் சீனியோடு சேர்த்தது எனக்குச் சரியாகப் படவில்லை. என் தகப்பனார் சீவல் தொழில் செய்தவர். கருப்பணியைக் காய்ச்சிக் குட்டானில் வார்த்த பனங்கட்டியை வாழ்நாள் முழுவதும் கடித்துக்கொண்டுதான் தேத்தண்ணீர் குடித்தார். சலரோகம் என்ற சொல்லே எங்கள் வீட்டில் இருக்கவில்லை.

மன்னார், சகோதரி: ஐயா சொல்வது சரி. நீரிழிவுக்காரரும் பனங்கட்டி சாப்பிடலாம் என்று கடையிலும் சொல்கிறார்கள்.

பதில்: ஐயா, நீங்கள் வருந்தும்படி எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தகப்பனாரின் வாழ்வை நான் மறுக்கவில்லை, அதைக் கொஞ்சம் விரித்துப் பார்க்கக் கேட்கிறேன். அவர் விடியப்புறமும் பின்னேரமும் எத்தனை பனை ஏறி இறங்கியிருப்பார்? ஏறாத நேரத்தில் தோட்டத்தில் நின்றிருப்பார், சந்தைக்கு நடந்தோ சைக்கிளிலோ போயிருப்பார். வேலை செய்கின்ற தசை சீனியை விறகுபோல் எரித்துவிடும். அரியதரமும் பயத்தம் பணியாரமும் அந்த வீட்டில் ஆண்டுக்கு எத்தனை தடவை செய்யப்பட்டன? தீபாவளி, பொங்கல், கலியாணம், சாமத்தியச் சடங்கு, அவ்வளவுதான். இன்று எங்கள் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் கடைக்குப் போய்க் கிழமைக்கு இரண்டு பைக்கற் வாங்கி வருகிறார்கள்.

பனங்கட்டியில் கனியுப்புகள் சிறிதளவு உண்டு, உண்மை. ஆனால் அந்தச் சிறிதளவுக்காகத் தின்கின்ற சுக்குரோசின் அளவை நினைத்தால் முருங்கையிலை பல மடங்கு மேல். மன்னார்ச் சகோதரிக்குச் சொல்வது: விற்பவரின் சொல்லை மருந்துச் சீட்டாக எடுக்காதீர்கள். சீனி ஏறிப் புண்ணான காலோடு வந்தவர்களிடம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், "நான் சீனி தொடுவதில்லை மிஸி, பனங்கட்டி மட்டுந்தான்" என்று உறுதியாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். புண்ணைக் கழுவிக்கொண்டே கேட்டிருக்கிறேன். அதனால்தான் இந்த விடயத்தில் என்னால் விட்டுக்கொடுக்க முடியவில்லை.

ஒட்டுசுட்டான், 71 வயது: காலைப் பற்றிச் சொன்னது மனதில் பட்டது. ஆனால் தகப்பனார் ஒரு தேத்தண்ணீருக்கு நகமளவு துண்டுதான் கடிப்பார். மூன்று கரண்டி சீனி போட்டுக் குடிப்பவர்களை விட அது நல்லதில்லையா?

பதில்: ஐயா, இதில் நான் முழுமையாக உங்கள் பக்கம். நகமளவு துண்டு ஐந்து கிராம் கூட இராது, மூன்று கரண்டி சீனி பன்னிரண்டு கிராமுக்குக் குறையாது. பனங்கட்டிக்குத் தனி மணமும் காரமும் உண்டு, கொஞ்சத்திலேயே நாக்கு நிறைந்துவிடும். ஒன்றைக் கடித்துக் கடித்து ஒரு குவளைத் தேநீரை முடிக்கும் அந்தப் பழக்கத்தை மாங்குளத்துத் தம்பிக்கும் பழக்கிவிடுங்கள்.

துணுக்காய்: சிவப்பரிசி மாவில் கொழுக்கட்டை செய்தால்?

பதில்: குரக்கனுக்குச் சொன்னதே இதற்கும்.

பரந்தன்: ஒடியல் கூழில் மீனும் இறாலும் போடுவதால் மாச்சத்துக் குறையுமா?

பதில்: மேலே ஒடியலைப் பற்றி எழுதியதை வாசியுங்கள். மீனைக் கூட்டி மாவைப் பாதியாக்கினால் குறையும்.

செட்டிக்குளம்: சாமை மா என்றால்?

பதில்: தானியம் எதுவானாலும் மாச்சத்து உண்டு. மாவை மாற்றுவது பற்றிய கேள்விகளுக்கு இனித் தனித்தனியே பதில் எழுதமாட்டேன், கேட்க வேண்டிய வேறு விடயங்கள் நிறைய இருக்கின்றன.

நெடுங்கேணி, ஏழு மாதக் கர்ப்பிணி: எடை கூடுகிறது என்று மாச்சத்தை நிறுத்தியிருக்கிறேன்.

பதில்: இன்றே பழையபடி சாப்பிடத் தொடங்குங்கள் மகள், இந்தக் கிழமையே உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். கர்ப்ப காலத்தில் நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

புதுக்குடியிருப்பு, 34 வயது: மிஸி, 2009 இல் எனக்குப் பதினெட்டு வயதுக்குள். அந்தப் பசியிலிருந்து வந்தவன். இப்போது நீரிழிவின் தொடக்கம் என்று மாச்சத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள், குளுசை தொடங்கவில்லை. ஆனால் அம்மா பயத்தம் பணியாரம் செய்து ரின் நிறைய வைத்தால், அது வெறுமையாகும் வரை எனக்கு நித்திரை வராது. வேண்டாம் என்றால் அம்மா அழுகிறா.

பதில்: தம்பி, உங்கள் கேள்வியை நேற்று வாசித்துவிட்டு இன்றுதான் எழுதுகிறேன். உப்பும் தண்ணீரும் அரிசியுமாகக் காய்ச்சிய கஞ்சிக்காக நின்றவர்களில் நானும் ஒருத்தி. ஒரு சிரட்டைக் கஞ்சியை நாலாகப் பிரித்த கை, பிறகு எத்தனை ஆண்டு போனாலும் பாத்திரத்தில் ஒரு பருக்கையை விட்டுவைக்கக் கூசும். இன்று இருப்பது நாளைக்கு இராது என்று உடம்பு படித்துவிட்டது. அந்தப் பாடம் அன்று உங்களை உயிரோடு வைத்திருந்தது. எனவே அந்த ரின்னுக்கு முன்னால் உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள்.

அம்மாவுக்கும் அதே பாடந்தான். அவவுக்கு அன்று கொடுக்க ஒன்றும் இருக்கவில்லை, இன்று இருக்கிறது. நீங்கள் "வேண்டாம்" என்றால் அவவின் காதில் விழுவது வேறு. ஆகவே மறுப்பதை விட்டுவிட்டுக் கேட்கத் தொடங்குங்கள். "அம்மா, இன்றைக்கு உங்கள் கையால் மீன் குழம்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வேணும்" என்று காலையிலேயே கேளுங்கள். அவ ஊட்ட வேண்டும், நீங்கள் உண்ண வேண்டும், இரண்டும் நடக்கட்டும். பணியாரம் செய்கிற நாளில் நீங்களும் அருகில் இருங்கள். அரைக் கிலோ பயறும் 400 கிராம் சீனியும் தேங்காய்ப்பூவும் மேல்மாவும் போட்டு ஐம்பது செய்தால் ஒன்றில் 17 கிராம் அளவில் மாச்சத்து இருக்கும். இதை அம்மாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள், சோற்றளவைச் சட்டென்று கண்டுபிடிக்கும் அவவுக்கு இந்தக் கணக்கும் விளங்கும். இருபத்தைந்து செய்து, அதில் இருபதை அம்மாவின் கையாலேயே அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பியுங்கள். ரின் வெறுமையாக வேண்டும் என்ற உங்கள் பதற்றமும் தீரும், நாலு பிள்ளைகள் தின்பதைப் பார்த்த அம்மாவின் மனமும் நிறையும்.

இரண்டு விடயம் செய்யாதீர்கள். பின்னேரப் பணியாரத்துக்காகக் காலையும் மதியமும் பட்டினி கிடக்காதீர்கள். உங்கள் உடம்புக்குப் பட்டினி என்றால் அந்தப் பழைய நாள்தான். இரவில் ஒளித்துத் தின்னாதீர்கள். நித்திரை வராமை தொடர்ந்தால் மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள், அங்கே இதைச் சொல்ல வெட்கப்பட ஒன்றுமில்லை.

கிளிநொச்சி, சகோதரி: எம்பாகிளிபுளோசின் குளுசை எடுக்கிறேன். சோறு, பலகாரம் எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தினால் ஆசை போய்விடுமா?

பதில்: நிறுத்த வேண்டாம். அந்தக் குளுசையோடும் டபாகிளிபுளோசினோடும் மாச்சத்தை மிகவும் குறைத்தால், சீனி அதிகம் ஏறாமலே குருதியில் அமிலம் கூடும் ஆபத்து உண்டு. வாந்தி, வயிற்றுநோ, மூச்சு வாங்குதல் வந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.

விசுவமடு: பலகாரத்துக்குப் பதில் கச்சான் கொறிக்கலாமா?

பதில்: கொறிக்கலாம். நூறு கிராமில் 16 கிராம்தான் மாச்சத்து, ஆனால் 560 கலோரிக்கு மேல் இருப்பதால் ஒரு கைப்பிடியோடு நிறுத்துங்கள். கோதோடு வாங்கி உடைத்து உடைத்துச் சாப்பிட்டால் கை தானாக மெதுவாகும். கச்சான் அல்வா இந்தக் கணக்கில் வராது.

வவுனியா, 58 வயது: மிஸி, மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். மதியம் ஒரு கோப்பைச் சோறு சாப்பிட்டேன். இன்று ஐந்து மணிக்கு நடுக்கம் வரவில்லை, எள்ளுருண்டையின் நினைப்பும் வரவில்லை.

பதில்: நல்லது அண்ணை. ஆனாலும் நாளைக் காலை போக வேண்டும். இன்சுலின் போத்தலையும் கிளினிக் கொப்பியையும் எடுத்துப் போங்கள், நடுக்கம் வந்த நாட்களையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். சேர்ட் பையில் ஒரு சின்னப் பொதி சீனி வைத்துக்கொண்டு பஸ் ஏறுங்கள்.