இருபது நாட் என்றால் இருபது இல்லை: கரையோரப் பயணக் கேள்வி பதில்

நம் பாய்மரப் படகுக் கழகத்தின் கரையோரப் பயணம் இந்த வாரக் கடைசியில். ஆறு படகுகள், 28 கடல்மைல், நடுவே கடலுக்குள் நீண்டிருக்கும் ஒரு பெரிய நிலமுனை. காற்றின் பலத்தைக் குறிக்கும் பியூஃபோர்ட் அளவில் 5 (ஏறத்தாழ 20 நாட், அதாவது மணிக்கு 20 கடல்மைல்), சில நேரம் 6 என்கிறது வானிலை அறிக்கை. அதைப் பார்த்ததும் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. முக்கியமானவற்றுக்கு இங்கே பதில்.

அறிக்கையில் 20 நாட் என்றுதானே சார் இருக்கிறது? எங்கள் படகு 28 அடி. தாங்காதா?

படகு தாங்கும். கவலை அதைப் பற்றியது அல்ல. அந்த 20 ஒரு சராசரிக் கணக்கு. அறிக்கைகளில் "இடையிடையே" என்று ஒரு சொல் வருமே, கொந்தளிப்பான நாளில் நமக்கு எஜமான் அந்தச் சொல்தான். சராசரி 20 என்றால் இடையிடையே 28 வரை அடிக்கலாம். எட்டு நாட்தானே கூடுதல் என்று நினைக்காதீர்கள். காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். 20க்கும் 28க்கும் இடையே பாயின் மேல் விழும் பாரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும். ஆகவே பாயை இடையிடையே வரும் பலத்த வீச்சுக்குத் தக்கபடி வையுங்கள், சராசரிக்குத் தக்கபடி அல்ல. இரண்டு வீச்சுக்கு நடுவே படகு சோம்பலாகத்தான் போகும். போகட்டும்.

ரீஃப் எப்போது போடுவது, அண்ணா? ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

ரீஃப் என்றால் பாயின் ஒரு பகுதியைச் சுருக்கிக் கட்டிப் பரப்பைக் குறைப்பது. போடலாமா என்ற யோசனை வந்த அந்த நிமிடமே. இந்தப் பயணத்துக்கு அதற்கும் முன்னால்: துறைமுகத்தில், கட்டிய கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்பே முதல் ரீஃபைப் போட்டுவிடுங்கள். வெளியே போய்க் காற்று குறைவாக இருந்தால் அவிழ்க்க இரண்டு நிமிடம். சாய்ந்து குதிக்கும் படகில், உப்புத் தண்ணீர் முகத்தில் அடிக்க, புது ஆளை வைத்துக்கொண்டு போடுவது வேறு கதை.

சுக்கானைப் பிடித்திருப்பவர் இரண்டு கையாலும் மல்லுக்கட்டுகிறார் என்றால் அவருக்கு பலம் போதவில்லை என்று அர்த்தமில்லை. பெரிய பாய் அதிகமாகிவிட்டது. அதைக் குறைத்தால் கை தானாக லேசாகும்.

போகும்போது காற்று பின்னால் இருந்துதான். அது சுகமான ஓட்டம் இல்லையா?

சுகம்தான், அதனால்தான் பயப்படுகிறேன். காற்று 22 நாட், படகு 6 நாட் வேகத்தில் காற்றோடு ஓடுகிறது என்றால் உங்கள் முகத்துக்குத் தெரிவது 16 மட்டுமே. சட்டையைக் கழற்றி வெயில் காயலாம் போல இருக்கும். முனை வந்ததும் காற்றை எதிர்த்துத் திரும்புங்கள்: அதே காற்று இப்போது ஏறத்தாழ 26 ஆகத் தெரியும். பாரம் இரண்டரை மடங்கு. "திடீரென்று காற்று ஏறிவிட்டது" என்று கரைக்கு வந்து சொல்பவர்களில் பாதிப் பேருக்குக் காற்று ஏறவே இல்லை. திரும்பினார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று, பூம்: பெரிய பாயின் அடியைப் பிடித்திருக்கும் நீளக் கட்டை. பின்காற்றில் சுக்கான் பிடிப்பவர் ஒரு நொடி அசந்தால் பாய் மறுபக்கம் பாய்ந்து, பூம் அசுர வேகத்தில் படகைக் கடக்கும். என் படகிலேயே ஒருமுறை நடந்தது. தொப்பியை எடுக்க எழுந்த நண்பரின் தலைக்கு மேல் ஒரு சாண் இடைவெளி. அன்றைக்கு அசந்தவன் நான்தான். அதன் பிறகு பின்காற்று ஓட்டத்தில் பூமை முன்பக்கமாக இழுத்துக் கட்டாமல் நான் போனதில்லை. பாயை மறுபக்கம் மாற்றியே ஆக வேண்டும், ஆனால் தைரியம் இல்லையென்றால், பின்பக்கத்தைக் காற்றுக்குக் காட்டித் திருப்பாமல் முன்பக்கத்தைக் காற்றுக்கு ஊடாகச் சுற்றிக் கொண்டுவாருங்கள். பார்ப்பவர் சிரித்தால் சிரிக்கட்டும்.

கரையை ஒட்டியே போனால் ஆபத்து குறைவுதானே?

இல்லை. காற்று கரையை நோக்கித் தள்ளும் நாளில் படகுக்குக் கரைதான் எதிரி. இன்ஜின் நின்று, பாய் கிழிந்தாலும் நிதானமாக யோசிக்க நேரம் இருக்கும் அளவுக்கு விலகிப் போங்கள். காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசினால் தண்ணீர் வழவழவென்று இருக்கும், ஆனால் உயர்ந்த பாறைச் சரிவுகளுக்குக் கீழே காற்று குண்டு போல இறங்கும்.

இந்தப் பயணத்தின் முக்கியமான கட்டம் அந்த முனைதான். முனையைச் சுற்றும்போது காற்றும் முறுக்கும், நீரோட்டமும் வேகம் பிடிக்கும். இரண்டும் எதிரெதிராக வந்தால் அலை குட்டையாகி, செங்குத்தாகி, சுவர் போல நிற்கும். அதே காற்றில், நீரோட்டம் ஓய்ந்த நேரத்தில் கடந்தால் வேறு கடல். ஆகவே கிளம்பும் நேரத்தை முனையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். விடியலில் தூக்கம் போகிறதே என்று ஒரு மணி நேரம் தள்ளிப்போடாதீர்கள்.

வாந்தி வருமோ என்று பயமாக இருக்கிறது. முதல் முறை வருகிறேன்.

வரலாம், வெட்கம் வேண்டாம். மருத்துவரிடம் கேட்டு மாத்திரையைக் கிளம்பும் முன்பே போடுங்கள், குமட்டிய பிறகு போட்டால் தங்காது. கீழ் அறைக்குப் போகாமல் தொடுவானத்தைப் பாருங்கள். சுக்கானைக் கேட்டு வாங்கிக்கொண்டால் பாதி குணம். வாந்தி எடுக்கக் குனியும்போது உங்களைப் படகோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டை கொக்கியில் மாட்டியிருக்கட்டும்.

பகலில்கூடப் பட்டை மாட்ட வேண்டுமா?

ஆமாம். குளிர்ந்த கடலில் விழுந்தவருக்கு 1-10-1 என்று ஒரு கணக்கு சொல்வார்கள்: மூச்சு நிதானமாக 1 நிமிடம், கை கால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம், நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி. அந்தப் பத்து நிமிடத்துக்குள் இந்த அலையில் பாயை இறக்கி, திரும்பி, ஆளைக் கண்டுபிடித்துத் தூக்குவதை நினைத்துப் பாருங்கள். லைஃப் ஜாக்கெட்டின் தொடைப் பட்டையையும் போடுங்கள். போடாவிட்டால் ஜாக்கெட் முகத்துக்கு மேலே ஏறிவிடும்.

ரொம்ப மோசமாகிவிட்டால் உயிர்காக்கும் மிதவைப் படகில் இறங்கிவிடலாமா?

படகு மிதக்கும்வரை அதில்தான் இருக்க வேண்டும். 1979இல் பிரிட்டனின் ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் பந்தயத்தில் 303 படகுகள் புறப்பட்டன, புயலில் போட்டியாளர்கள் 15 பேர் இறந்தார்கள். ஆட்கள் கைவிட்ட படகுகள் பலவும் பிறகு மிதந்துகொண்டே கிடைத்தன. நம் பயணம் அந்த அளவுக்குப் போகாது. நமக்குத் தேவை ஓய்வெடுக்கும் வழி: முன்பாயைக் காற்று வரும் பக்கமாக இழுத்துப் பிடித்து, பெரிய பாயைத் தளர்த்தி, சுக்கானைக் காற்றின் பக்கம் படகு திரும்பப் பார்க்கும்படி கட்டிவிட்டால் அது கிட்டத்தட்ட ஒரே இடத்தில் ஆடிக்கொண்டு நிற்கும். சத்தம் அடங்கும். சாப்பிடலாம், வரைபடம் பார்க்கலாம். காற்று பலமில்லாத ஒரு நாளில் பழகி வையுங்கள். களைத்துப்போன ஆள்தான் தவறான துறைமுக வாயிலுக்குள் நுழைவார்.

மற்ற ஐந்து படகும் கிளம்பும்போது நாங்கள் மட்டும் நின்றுவிட்டால்?

ஒவ்வொரு படகுக்கும் அதன் கேப்டன் முடிவு. என் படகில் இந்த முறை மூன்று பேர் புதியவர்கள். காலை அறிக்கையிலும் 6 நிற்குமானால் நான் முனையைத் தாண்டப் போவதில்லை. விரிகுடாவுக்குள்ளேயே ரீஃப் போட்டு, அவிழ்த்து, மறுபடி போட்டுப் பழகுவோம். சேர விரும்புகிற படகு வரலாம்.