பாக்கெட்டை திருப்பிப் பாருங்க

கேள்வி: நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம், வீட்ல ரெண்டு சின்னப் பிள்ளைங்க. காலைல பாக்கெட் சீரியல், சாயங்காலம் பிஸ்கட்னு ஓடுது. பாக்கெட்ல வர்றது மொத்தமும் விஷம், எல்லாத்தையும் பண்ணைல இருந்து நேரா வாங்குன்னு எங்க அக்கா சொல்லிட்டே இருக்கா. அட்டைல 'மல்டிகிரெயின்', 'நேச்சுரல்'னுதானே போட்டிருக்கு? நான் செய்றது தப்பா?
- பெயர் வேண்டாம்னு கேட்ட வாசகி

பதில்: அக்கா சொல்றதுல முக்கால்வாசி சரிங்க, ஆனா 'மொத்தமும் விஷம்'ங்கறதை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். உறைய வெச்ச பட்டாணி, பாஸ்ச்சரைஸ் பண்ண (கிருமி சாக சூடு பண்ணின) பால், காய்ஞ்ச பயறு எல்லாமே பாக்கெட்லதான் வருது, தாராளமா வாங்கலாம்.

ஒரு கோதுமை மணியை எடுத்துக்கங்க. மேல தவிடு, ஓரத்துல முளை, மிச்சம் பெரும்பாலும் மாவுச்சத்து. முளைல இருக்கற எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிச்சிடும், அதனால மாவு மாசக்கணக்கா கெடாம இருக்கணும்னு முளையையும் தவிட்டையும் எடுத்துடறாங்க, அதோட நார்ச்சத்து, வைட்டமின் ஈ, பி வகைகள்ல பெரும்பகுதி போயிடுது, அப்புறம் அந்த வெள்ளை மாவுல சர்க்கரை, எண்ணெய், எமல்சிஃபையர் (எண்ணெயும் தண்ணியும் பிரியாம சேர்த்து வைக்கறது), ஃப்ளேவர்னு சேர்த்துதான் பிஸ்கட்டா வருது. 'மல்டிகிரெயின்'னா பல தானியம் இருக்குன்னுதான் அர்த்தம், முழு தானியம்னு யாரும் சொல்லல.

2019ல அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்துல கெவின் ஹால் குழு 20 பேரைத் தங்க வெச்சு, 2 வாரம் ஆலைல ரொம்பப் பதப்படுத்தின (அல்ட்ரா ப்ராசஸ்ட்) தயாரிப்பு சாப்பாடு, 2 வாரம் அப்படிப் பதப்படுத்தாத முழு உணவுன்னு குடுத்துப் பார்த்தாங்க. தட்டுல வெச்ச கலோரி, சர்க்கரை, உப்பு, கொழுப்பு, நார்ச்சத்து ரெண்டுலயும் கிட்டத்தட்ட சமம், எவ்வளவு வேணா சாப்பிடலாம். ஆலைத் தயாரிப்பு வாரங்கள்ல தினம் சுமார் 500 கலோரி கூடுதலா உள்ள போச்சு, எடை ஏறக்குறைய 0.9 கிலோ ஏறிச்சு, முழு உணவுல அதே அளவு இறங்கிச்சு. வேகமாவும் சாப்பிட்டிருக்காங்க. மெல்ல வேலையே இல்லாத சாப்பாட்டுல வயிறு நிறைஞ்சது தெரியறதுக்குள்ள தட்டு காலியாயிடுது, பிள்ளைங்க விஷயத்துல எனக்கு இதுதான் பெரிய கவலை.

அதனால அட்டையோட முன்பக்கத்தை விட்டுட்டு பின்னாடி திருப்பிப் பாருங்க. எடைல எது அதிகமோ அதுதான் பட்டியல்ல முதல்ல வரும். சர்க்கரையை குளுக்கோஸ் சிரப், ஃப்ரக்டோஸ்னு தனித்தனி பேர்ல பிரிச்சுப் போட்டா ஒவ்வொண்ணும் கீழ இறங்கிடும், எல்லாத்தையும் கூட்டிப் பாருங்க, சில சீரியல்ல அதுதான் முன்னாடி நிக்கும்.

பண்ணைல நேரா வாங்க முடிஞ்சா ரொம்ப நல்லது, அறுவடை எப்போன்னு கேட்டே வாங்கலாம். ஆனா பச்சைப்பாலை கொதிக்க வைக்காம பிள்ளைங்களுக்குக் குடுத்துடாதீங்க, அதுல கிருமி இருக்க வாய்ப்பு உண்டு.

எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்த வேண்டாம், வேலைக்குப் போறவங்களுக்கு அது நடக்காது. தினமும் சாப்பிடறது எதுவோ அதுல ஆரம்பிங்க. இப்ப இருக்கற சீரியல் தீர்ந்ததும் இனிப்பு சேர்க்காத ஓட்ஸ் வாங்கி பழத்தை நறுக்கிப் போட்டுக் குடுங்க, அது பழகினப்புறம் பிஸ்கட் பக்கம் போகலாம்.