கரை உடையும் முன்பே மறுபக்கம் தண்ணீர்: மாடலில் எங்கே கோளாறு?

கேள்வி: ஆற்றங்கரை ஒன்று உடைந்தால் பின்னாலுள்ள தாழ்வான பகுதியில் எவ்வளவு ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும் என்று ஹெக்-ராஸ் என்ற வெள்ளக் கணிப்பு மென்பொருளில் பார்க்கிறேன். மாடலில் ஆற்றை அதன் குறுக்கே போட்ட கோடுகளாகவும் (குறுக்குவெட்டுகள்), பின்னாலுள்ள நிலத்தைச் சின்னச் செல்களாகப் பிரித்த இருபரிமாணப் பகுதியாகவும் வைத்திருக்கிறேன். உடைப்பு ஆறாவது மணி நேரத்தில்தான் தொடங்க வேண்டும். ஆனால் அதற்கு முன்பே கரைக்குப் பின்னால் தண்ணீர் தெரிகிறது. உடைந்த பிறகும் பெரிய மாற்றம் இல்லை. உடைப்பின் அகலம் 22 மீட்டர் என்று மென்பொருளே கணக்கிட்டுத் தந்தது. இதற்கிடையில் ஓர் ஆலோசகர் தயார் வெள்ள வரைபடமே தருகிறேன் என்கிறார். வாங்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். உங்கள் கோளாறு பெரும்பாலும் நீங்களே சரிசெய்யக்கூடியது. அதைச் சரிசெய்யாமல் வாங்கினால், அந்த வரைபடத்திலும் இதே கோளாறு இருக்கிறதா என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது.

முதலில் குறுக்குவெட்டுக் கோடுகளைப் பாருங்கள். அவை கரையைத் தாண்டி மறுபக்கம் வரை நீள்கின்றன என்றே நினைக்கிறேன். ஒருபரிமாணக் கணக்கில் ஒரு குறுக்குவெட்டு முழுவதற்கும் ஒரே நீர்மட்டம்தான். நடுவில் கரை நிற்பது அதற்குத் தெரியாது. அந்த மட்டத்துக்குக் கீழே எங்கெல்லாம் பள்ளம் இருக்கிறதோ அங்கெல்லாம் நிரப்பிவிடும். உடையாத கரைக்குப் பின்னால் குளம் கட்டி நிற்பது இதனால்தான். அதே நிலம் இருபரிமாணப் பகுதிக்குள்ளும் வருவதால், ஒரே பள்ளத்தில் இரண்டு முறை தண்ணீர் சேமித்துக் கணக்குப் பார்க்கிறீர்கள். இல்லாத சேமிப்பு சேர்ந்துவிட்டதால் ஆற்றின் மட்டம் இறங்கி, உடைப்பு வழியே தள்ளும் விசையும் குறைந்துவிடுகிறது.

கோடுகளைக் கரை உச்சியிலேயே வெட்டி நிறுத்துங்கள். இருபரிமாணப் பகுதியின் விளிம்பும் அதே உச்சிக் கோட்டில் தொடங்கட்டும். இரண்டையும் இணைக்க லேட்டரல் ஸ்ட்ரக்சர், அதாவது மாடலில் கரையாக நின்று மேலே வழிவதைக் கணக்கிடும் பக்கவாட்டு அமைப்பு. குறுக்குவெட்டில் 'இங்கே கரை' என்று காட்டும் லெவி குறி வைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. உச்சியைத் தாண்டும்வரை அது தடுக்கும். தாண்டியதும் முழுப் பள்ளமும் ஒரே வீச்சில் நிரம்பும், இரட்டைக் கணக்கும் திரும்பி வரும்.

அடுத்தது கரையின் உயரம். இலவசமாகக் கிடைக்கும் 30 மீட்டர் செயற்கைக்கோள் உயரத் தரவை டெரெய்னாக (மாடலின் நிலமட்ட வரைபடமாக) போட்டிருந்தால், உச்சியில் 4, 5 மீட்டர் அகலமே உள்ள கரை அதில் கரைந்து போயிருக்கும். மென்பொருளின் வரைபடச் சாளரமான ராஸ் மேப்பரில் கரையின் குறுக்கே ஒரு கோடு போட்டு வெட்டுமுகம் பாருங்கள். கரை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன மேடுதான் தெரியும். லேட்டரல் ஸ்ட்ரக்சரின் உச்சி உயரங்களை டெரெய்னிலிருந்து இழுக்காமல், 25 முதல் 50 மீட்டருக்கு ஒன்றாக நேரடியாக அளந்து எழுதுங்கள். கரையைக் கட்டியவர்களிடம் அந்த அளவுகள் இருக்கும். கேட்டால் தரமாட்டார்கள், பொதுப் பணத்தில் எடுத்த அளவை ரகசியம் போலப் பூட்டி வைப்பது எங்கும் நடக்கிறது. எழுத்தில் கேளுங்கள், விடாமல் கேளுங்கள்.

கரை மேல் எவ்வளவு வழியும் என்பதை நிர்ணயிக்கும் வியர் குணகத்தையும் ஒரு பார்வை பாருங்கள். மெட்ரிக் அலகில், 1 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் கரைக்கு 0.83 முதல் 1.43 வரை வைக்கலாம், வழக்கமாக 1.1 போதும். உயர்த்தப்படாத சாதாரண நிலத்துக்கு அது 0.11 முதல் 0.28 வரைதான். இரண்டையும் குழப்பினால் கரை மேல் வழியும் அளவே பல மடங்கு மாறிவிடும்.

இனி அந்த 22 மீட்டர். உடைப்பு விவரப் பக்கத்தில் உள்ள கால்குலேட்டரில் ஃப்ரோலிக், மெக்டொனால்டு, வான் துன் போன்ற சூத்திரங்கள் இருக்கின்றன. அவை உடைந்த அணைகளின் பதிவுகளிலிருந்து வந்தவை. அணைக்குப் பின்னால் இருப்பது ஓர் அளவான கொள்ளளவு. அது காலியாகக் காலியாக அரிப்பும் ஓய்கிறது. ஆற்றங்கரைக்குப் பின்னால் ஆறே இருக்கிறது. மேலிருந்து வரத்து வந்துகொண்டே இருக்கும், உடைப்பும் அகன்றுகொண்டே போகும். 2005இல் நியூ ஆர்லியன்ஸின் 17ஆம் தெருக் கால்வாய்ச் சுவரில் விழுந்த உடைப்பே 100 மீட்டருக்கு மேல். பொத்தானை அழுத்தினால் ஓர் எண் வருகிறது என்பதற்காக அது உங்கள் கரைக்கான எண் ஆகிவிடாது.

ஒரே ஒரு விலக்கு உண்டு. கரை ஆற்றைத் தடுக்காமல், தனியாக நிற்கும் மூடிய தேக்கத்தைச் சுற்றியிருந்தால் அது பெயரளவில்தான் கரை, வேலையில் அணை. அங்கே சூத்திரங்கள் பொருந்தும். ஆனால் 'மூடிய' என்பதைக் கவனமாகச் சரிபாருங்கள். தேக்கத்துக்குப் பம்ப் வழியாக மட்டும் தண்ணீர் வருகிறது, உடைந்ததும் பம்பை நிறுத்திவிடலாம் என்றால் அது மூடியது. மதகு வழியாக ஆற்றோடு இணைந்திருந்து, வெள்ளத்தில் அந்த மதகை இறக்க முடியாது என்றால் அது ஆறுதான். மதகு இறங்கும், ஆனால் கீழே கசிகிறது என்றால், கசிவின் மொத்த அளவைத் தேக்கத்தின் கொள்ளளவோடு ஒப்பிடுங்கள். பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கினால் நான் அணை என்றே எடுத்துக்கொள்வேன். கொள்ளளவாக நீங்கள் தர வேண்டியது முழுத் தேக்கத்தின் அளவு அல்ல, உடைப்பின் அடிமட்டத்துக்கு மேலே உள்ள தண்ணீர் மட்டும். இதைத் தவறவிட்டுத்தான் பாதிப் பேர் பெரிய எண் பெறுகிறார்கள்.

உங்கள் ஆற்றுக்கு அகலத்தை ஒரே எண்ணாக நம்பாமல் 50, 100, 200 மீட்டர் என்று மூன்றாக ஓட்டுங்கள். ஒரு சின்னக் கணக்கு: உடைப்பின் அடிக்கு மேல் 2 மீட்டர் தண்ணீர், அகலம் 100 மீட்டர், உடைப்புக்கான குணகம் 1.4 என்றால், 1.4 × 100 × 2.83 (2இன் 1.5 அடுக்கு), நொடிக்குச் சுமார் 400 கன மீட்டர் வெளியேறும். 200 மீட்டருக்கு அதே கணக்கு 800 என்று சொல்லும். ஆற்றில் வருவதே 600 என்றால் மட்டம் இறங்கியாக வேண்டும், 800 நீடிக்காது. அகலத்தை இரட்டித்ததும் வெள்ளம் இரட்டிக்கவில்லையே என்று அப்போது பதற வேண்டாம். கீழ்ப்பக்க ஆறு வற்றி மாடல் நிலைகுலைந்தால் படுகையில் பைலட் சேனல் என்ற ஒடுங்கிய கற்பனைக் கால்வாய் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்.

உடைப்பின் அடி உயரம் ஆற்றுப்படுகை அல்ல, மறுபக்க நிலத்தின் மட்டம். மையப் புள்ளி லேட்டரல் ஸ்ட்ரக்சரின் நீளத்தில் அளக்கப்படுவது. ஆற்றின் தொலைவெண்ணைப் போட்டால் உடைப்பு வேறெங்கோ விழும். உடைப்பு முழுதாக உருவாகும் நேரத்தை 1, 3, 6 மணி என்று மாற்றிப் பாருங்கள். மணல் கரை வேகமாகப் போகும், களிமண் தாக்குப்பிடிக்கும்.

தண்ணீர் உச்சியைத் தொட்டதும் உடையட்டும் என்று வைப்பது இன்னொரு வழக்கம். மேலே சொன்ன கால்வாய்ச் சுவர் நீர்மட்டம் அதன் உச்சியை எட்டும் முன்பே சரிந்தது. 2008 ஆகஸ்டில் நேபாளத்தின் குசஹாவில் கோசி ஆற்றின் கரை உடைந்தபோது, ஆற்றில் ஓடியது வடிவமைப்பு வெள்ளத்தின் ஒரு சிறு பகுதிதான். உச்சிக்கு ஒரு மீட்டர் கீழே உடைவதையும் கட்டாயம் ஓட்டுங்கள்.

உடைப்பருகே செல்கள் 10 மீட்டராக இருக்கட்டும். அங்கே வேகம் நொடிக்கு 4 மீட்டர் வந்தால், கூரண்ட் எண் (ஒரு டைம் ஸ்டெப்பில், அதாவது ஒரு கணக்குப் படியில், தண்ணீர் எத்தனை செல் தாண்டுகிறது என்பது) 1க்குள் நிற்க டைம் ஸ்டெப் 2.5 நொடிக்குக் கீழே வேண்டும், 2 வையுங்கள். இயல்பாக வரும் டிஃப்யூஷன் வேவ் என்ற எளிமையாக்கிய சமன்பாட்டை விட்டு முழு ஆழமற்ற நீர்ச் சமன்பாட்டுக்கு மாறுங்கள்.

இப்போது ஆலோசகர். நீலம், பச்சை, சிவப்பில் அச்சடித்த பிடிஎஃப் தருபவர்கள் நிறைய. ஒரே அகலம், ஒரே நேரம், ஒரே வரைபடம். டெண்டரை எழுதுபவர்களும் 'உடைப்பு வெள்ள வரைபடம் ஒன்று' என்றே கேட்கிறார்கள். ஒன்றைக் கேட்டால் ஒன்றுதான் கிடைக்கும். வாங்கத்தான் வேண்டுமென்றால், பணம் தரும் முன் பிளான் (ஓட்டத்தின் அமைப்புகள்), ஜியோமெட்ரி (ஆறு, கரையின் வடிவம்), அன்ஸ்டெடி ஃப்ளோ (நேரத்தோடு மாறும் வரத்து) கோப்புகள், டெரெய்ன், புரொஜெக்‌ஷன் கோப்பு ஐந்தையும் கேளுங்கள். உடைப்பு விவரம் ஜியோமெட்ரியில் அல்ல, பிளான் கோப்பில்தான் சேமிக்கப்படுகிறது. அதை மட்டும் 'மறந்து' அனுப்புவார்கள். கோப்புகள் வந்ததும் உங்கள் கணினியிலேயே ஓட்டிப் பாருங்கள். முடிவில் வரும் கொள்ளளவுப் பிழை (உள்ளே வந்த தண்ணீருக்கும் கணக்கில் உள்ளதற்குமான வித்தியாசம்) ஒரு சதவீதத்தைத் தாண்டினால் திருப்பி அனுப்புங்கள். பிறகு 'பிரீச் திஸ் ஸ்ட்ரக்சர்' கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிட்டு, அதாவது கரை உடையாமல், ஒருமுறை ஓட்டுங்கள். நீர் கரை உச்சியைத் தாண்டாத வெள்ளத்திலும் மறுபக்கம் தண்ணீர் தெரிந்தால், அவருடைய குறுக்குவெட்டுகளும் கரையைத் தாண்டித்தான் போகின்றன.