பலகை கவ்வினால் ரம்பம் உதைக்கும்

பேட்டரி வட்ட ரம்பம் பற்றி இந்த மாதம் வந்த கேள்விகளில் சில. கேட்ட விஷயங்கள் வேறு வேறானாலும் பாதிக் கேள்விகளுக்கு வேர் ஒன்றுதான்: பலகையை எப்படிக் கிடத்தினோம் என்பது.

கேள்வி (பிறை, பினாங்கு): 18 மில்லிமீட்டர் பிளைவுட்டை இரண்டு நாற்காலிகளின்மேல் வைத்து நடுவில் அறுத்தேன். முக்கால்வாசி தூரம் போனதும் ரம்பம் துள்ளி என் பக்கமாகப் பின்னால் வந்தது. நல்லவேளை, கையில் படவில்லை. வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. ரம்பம் பழுதா?

பதில்: ரம்பத்தில் பழுது இல்லை. பழுது நாற்காலிகளில். இரண்டு முனையையும் தாங்கி நடுவில் அறுத்தால், அறுக்க அறுக்கப் பலகை வலுவிழந்து நடுவில் தொய்யும். தொய்ந்ததும் வெட்டு வாயின் (பிளேடு அறுத்த இடைவெளியின்) மேல் விளிம்புகள் ஒன்றையொன்று நெருங்கி பிளேடைக் கவ்வும். பேட்டரி ரம்பத்தின் பிளேடு போடும் வாய் 2 மில்லிமீட்டர்கூட இராது. அது கொஞ்சம் மூடினாலே போதும்.

அடுத்து நடப்பதைப் புரிந்துகொள்ள பிளேடு சுழலும் திசையைப் பாருங்கள். மேல்மூடியில் அம்புக்குறி இருக்கும். பலகைக்கு அடியில் பற்கள் முன்னோக்கி ஓடி, முன்பக்கத்தில் மேலே ஏறுகின்றன. பலகை கவ்விக்கொண்டால் பற்களால் அதற்குமேல் முன்னே போக முடியாது. அந்த விசை முழுக்க ரம்பத்தின்மேல் திரும்பி, ரம்பம் பள்ளத்திலிருந்து ஏறி உங்களை நோக்கிப் பாய்கிறது. கண் இமைப்பதற்குள் நடப்பதால், பிடித்து நிறுத்திவிடலாம் என்று நம்ப வேண்டாம்.

4 அடிக்கு 8 அடி முழுப் பலகைக்குத் தரைதான் நல்ல மேசை. 2 அங்குலத் தடிமன் போலிஸ்டிரின் பலகையைத் தரையில் விரித்து, அதன்மேல் பிளைவுட்டைப் படுக்க வையுங்கள். போலிஸ்டிரின் கிடைக்காவிட்டால், ஒரே தடிமனுள்ள 4 கட்டைகளை வெட்டுக்கோட்டுக்கு இணையாகப் போடுங்கள். கோட்டுக்கு இரு பக்கமும் ஒரு சாண் தள்ளி ஒவ்வொன்று, வெளி ஓரங்களில் ஒவ்வொன்று. அறுந்த பிறகும் இரண்டு துண்டும் இருந்த இடத்திலேயே கிடக்கும், வாய் மூடாது. ஓரத்தில் ஒல்லியான துண்டை மட்டும் எடுப்பதானால் வேறு வழி: வைத்துக்கொள்ளும் பெரிய பக்கத்தை மேசையில் கிளாம்ப் போட்டு இறுக்கி, ஒல்லித் துண்டைத் தாங்காமல் விடுங்கள். அது தானாகக் கீழே விழட்டும். யாரையும் அதைப் பிடித்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். உதவிக்கு வருபவர் பாசத்தோடு சற்றே தூக்கிப் பிடிப்பார். வாய் மூடிக்கொள்ளும்.

ஆழமும் முக்கியம். பேட்டரியைக் கழற்றிவிட்டு, பிளேடைப் பலகையின் பக்கவாட்டில் ஒட்டிப் பிடித்து, அடியில் 3 முதல் 5 மில்லிமீட்டர் மட்டும் நீளும்படி வைத்து நெம்புகோலை இறுக்குங்கள். உங்கள் 18 மில்லிமீட்டர் பிளைவுட்டுக்கு 22 அளவில் சரியாக இருக்கும். முழு ஆழத்தில் விட்டு அறுப்பவர்கள் அதிகம். அப்போது பலகைக்கு அடியில் இரண்டு விரல் அகலத்துக்கு பிளேடு கண்ணுக்குத் தெரியாமல் சுழல்கிறது. மரம் கவ்வுவதற்கும் அவ்வளவு பரப்பு கிடைக்கிறது.

நிற்கும்போது பிளேடின் நேர் பின்னால் நிற்காமல், பக்கவாட்டில் ஓரடி விலகி நில்லுங்கள். இரண்டு கையும் இரண்டு பிடியிலும் இருக்கட்டும். மோட்டாரின் சத்தம் கனத்து, வேகம் குறைவது காதுக்குத் தெரியும். அதுதான் எச்சரிக்கை. உடனே விசைப் பொத்தானை விட்டுவிட்டு, பிளேடு முழுக்க நிற்கும்வரை ரம்பத்தை அதே இடத்தில் அசைக்காமல் பிடியுங்கள். சுழலும் பிளேடைப் பின்னால் இழுப்பது இன்னொரு உதைப்பை அழைப்பதாகும். நின்றதும் பேட்டரியைக் கழற்றி, வெட்டு வாயில் மெல்லிய ஆப்பு ஒன்றைச் செருகி, பலகையின் தாங்கலைச் சரிசெய்யுங்கள். மறுபடி தொடங்கும்போது பற்கள் மரத்தில் படாமல் பிளேடு வாயின் நடுவில் இருக்க வேண்டும். முழு வேகம் வந்த பிறகே முன்னே தள்ள வேண்டும்.

கேள்வி (ஜிஞ்சாங், கோலாலம்பூர்): 4 அங்குல கிரைண்டரில் மரம் அறுக்கும் பல் பிளேடு மாட்டினால் தனி ரம்பம் வாங்கத் தேவையில்லை என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். சரியா?

பதில்: சரியில்லை. அந்த கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்றுக்குமேல் ஓடும். பேட்டரி வட்ட ரம்பம் பெரும்பாலும் 3,500 முதல் 5,000 வரை. கிரைண்டரில் பலகைமேல் படியும் அடித்தட்டும் இல்லை, தானாக மூடிக்கொள்ளும் காப்பும் இல்லை. பல் மரத்தில் மாட்டினால் கருவி நேராக உங்கள் தொடைக்கோ கழுத்துக்கோ வரும். அண்ணனிடமும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி (செந்தூல், கோலாலம்பூர்): கீழ்க் காப்பு மூடி ஒவ்வொரு முறையும் பலகை விளிம்பில் தட்டி நிற்கிறது. சாய்வாக அறுக்கும்போது இன்னும் மோசம். ஆப்பு வைத்துத் திறந்தே விடலாமா?

பதில்: கூடாது. மூடி தட்டினால், அதன் பக்கத்திலுள்ள சிறு நெம்பை விரலால் தூக்கிப் பல் மரத்துக்குள் போனதும் விட்டுவிடுங்கள். நெம்பு அதற்காகத்தான் இருக்கிறது.

மூடி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க, பேட்டரியைக் கழற்றிவிட்டு மூடியை முழுக்கத் திறந்து கையை எடுங்கள். 'டக்' என்று மூட வேண்டும். இதை 0 பாகையிலும் 45 பாகையிலும், குறைந்த ஆழத்திலும் முழு ஆழத்திலும் செய்து பாருங்கள். சோம்பலாக வந்தால், மரப்பிசினும் தூளும் சேர்ந்து உள்விளிம்பில் பசைபோல ஒட்டியிருக்கும். காய்ந்த தூரிகையால் சுரண்டி எடுங்கள். எண்ணெய் விடாதீர்கள், அடுத்த நாளே அதில் தூள் ஒட்டி முன்னிலும் மோசமாகும். சுத்தம் செய்தும் சோம்பல் போகவில்லையென்றால் சுருள்வில் தளர்ந்திருக்கும், அல்லது கீழே போட்டதில் மூடி வளைந்திருக்கும். சர்வீஸ் மையத்துக்குக் கொண்டுபோகும்வரை அந்த ரம்பத்தைத் தொட வேண்டாம்.

ஆப்பு வைத்தவர்களுக்கு அடி படுவது பெரும்பாலும் அறுக்கும்போது அல்ல, அறுத்து முடித்த பிறகு. விசையை விட்டதும் வேலை முடிந்த நினைப்பில் ரம்பத்தைத் தொடைப் பக்கம் தாழ்த்துவோம், அல்லது தரையில் வைப்போம். பிரேக் இல்லாத ரம்பத்தில் பிளேடு இன்னும் சில விநாடி சுழன்றுகொண்டிருக்கும். மூடி இல்லாவிட்டால் தரையில் ரம்பம் தானாகவே நகர்ந்து ஓடும்.

கேள்வி (பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்): ஆன்லைனில் ஒரு ரம்பம் '21 வோல்ட்', இன்னொன்று '98விஎஃப்', ஹார்ட்வேர் கடையில் இருப்பது வெறும் 18 வோல்ட். எண் கூடினால் சக்தி கூடுமா?

பதில்: 18, 20, 21 மூன்றும் பெரும்பாலும் ஒன்றேதான். உள்ளே 5 லித்தியம் செல் வரிசையாக இருக்கும். ஒரு செல்லின் பெயரளவு மின்னழுத்தம் 3.6, ஐந்துக்கு 18. முழு சார்ஜில் 4.2, ஐந்துக்கு 21. ஒருவர் சராசரியைச் சொல்கிறார், இன்னொருவர் உச்சத்தைச் சொல்கிறார். '98விஎஃப்' வோல்ட் கணக்கே அல்ல; பெட்டியை அலங்கரிக்கும் எழுத்து.

பார்க்க வேண்டியவை வேறு. பிளேடு 165 மில்லிமீட்டரா, பேட்டரி எத்தனை ஆம்பியர்-மணி (மரம் அறுக்க 4 அல்லது 5 இருந்தால் நல்லது), விசையை விட்டதும் நிறுத்தும் பிரேக் உண்டா, விசையோடு பூட்டுப் பொத்தானும் உண்டா, சார்ஜரில் மலேசியத் தர நிறுவனமான சிரிமின் முத்திரை இருக்கிறதா. இரண்டு விரலால் அழுத்தினால் மட்டுமே ஓடும் ரம்பம், காரின் பின்பெட்டியில் உருண்டு தானாக ஓடாது. காரைப் பற்றிப் பேசுவதால் இதையும்: நம் வெயிலில் மூடிய காருக்குள் பேட்டரியை விடாதீர்கள். அறுத்து முடித்துச் சூடாக இருக்கும் பேட்டரியை உடனே சார்ஜரில் மாட்டாமல், ஆறிய பிறகு மாட்டுங்கள்.

கேள்வி (ஆயர் ஈத்தாம், பினாங்கு): அலமாரிக்கு மெலமைன் பலகை அறுத்தால் மேல் முகம் சிராய் சிராயாகப் பிய்கிறது. கூடவே வந்த 24 பல் பிளேடுதான் போட்டிருக்கிறேன்.

பதில்: பற்கள் கீழிருந்து மேலே ஏறி வெளியேறுவதால் மேல் முகம்தான் பிய்யும். நல்ல முகத்தைக் கீழே கவிழ்த்து, பின்முகத்தில் கோடு போட்டு அறுங்கள். 24 பல், கட்டை மரத்தை நீளவாக்கில் வேகமாக அறுப்பதற்கானது. மெலமைனுக்கும் பிளைவுட்டுக்கும் 40 பல் போதும். 60 பல் இன்னும் மழமழவென வரும். ஆனால் பேட்டரி சீக்கிரம் இறங்கும், அவசரப்பட்டுத் தள்ளினால் விளிம்பு கருகும். செங்கால் போன்ற கனத்த மரமென்றால் 24 பல்லோடு, தள்ளும் வேகத்தைப் பாதியாக்குங்கள். பழைய வீட்டுச் சட்டங்களில் ஆணி இருக்கிறதா என்று முதலில் காந்தத்தால் தடவிப் பாருங்கள்.

பிளேடு மாற்ற, முதலில் பேட்டரி வெளியே. தண்டுப் பூட்டை அழுத்தி, அலன் சாவியைப் பிளேடு சுழலும் திசையிலேயே திருப்பினால் போல்ட் கழலும். இறுக்குவது எதிர்த்திசை. பிளேடின் அம்பும் மூடியின் அம்பும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். நடுத்துளை உங்கள் ரம்பத்தின் தண்டுக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். 165 பிளேடுக்கு இது பெரும்பாலும் 20 மில்லிமீட்டர். துளை பெரிதென்று தகரம் சுற்றி மாட்டினால் பிளேடு ஆடும், ஆடும் பிளேடு கவ்வும். பிளேடில் அச்சிட்ட உச்ச வேகம் ரம்பத்தின் வேகத்துக்குக் குறையக் கூடாது. ஒரு பல் உதிர்ந்திருந்தாலும் அந்தப் பிளேடைத் தூக்கிப் போடுங்கள்.

கேள்வி (ஜார்ஜ்டவுன், பினாங்கு): தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுகிறோம். ஐந்தாறு பேர், ஒரே ரம்பம், பெரும்பாலும் இரவு வேலை. என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: அறுப்பவர் ஒருவர்தான் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். அவர் இடத்தைச் சுற்றி மூன்று மீட்டருக்கு யாரும் வர வேண்டாம். தூளில் கால் வழுக்கும், துண்டுகள் தடுக்கும். அளவு சொல்பவர் வேறு ஆளாக இருக்கட்டும். ரம்பம் கை மாறும்போது பேட்டரி தனியாக, ரம்பம் தனியாக.

வேட்டியோடும், தோளில் துண்டோடும், தொங்கும் சங்கிலியோடும் அறுக்கக் கூடாது. தளர்ந்த துணிக் கையுறையும் வேண்டாம். பல்லில் நூல் மாட்டினால் விரலையும் சேர்த்து இழுக்கும். கண்ணாடி கட்டாயம், வெறும் பார்வைக் கண்ணாடி போதாது. காதுக்கு அடைப்பான்: நாள் முழுக்க 85 டெசிபலுக்குமேல் கேட்கக் கூடாது என்பது நம் நாட்டின் 2019 தொழில்துறை இரைச்சல் விதி; ரம்பம் அதை எளிதாகத் தாண்டும். மூக்குக்கு என்95 முகக்கவசம். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது.

விளக்கு ஒன்று போதாது. ஒற்றை விளக்கில் உங்கள் தலையின் நிழலே கோட்டின்மேல் விழும். இரு பக்கமும் ஒவ்வொன்று வையுங்கள். மழையில் நனைந்த பலகையை அறுக்க வேண்டாம். ஈர மரம் ஊதிப் பிளேடைக் கவ்வும், அடித்தட்டும் வழுக்கும். தார்ப்பாயின்கீழ் காய்ந்த பலகையை வைத்திருங்கள்.

இதையும் மீறி ஏதாவது நடந்தால்: சுத்தத் துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தி, 999 அழையுங்கள். துண்டான விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டு இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைத்துக் கொடுத்தனுப்புங்கள். விரலை நேரடியாக ஐஸில் போட்டால் திசு உறைந்து கெடும். பந்தலில் ஐஸுக்குப் பஞ்சமிராது; துணிக்கும் பைக்கும் ஒரு பெட்டி ஒதுக்கி, அது எங்கே இருக்கிறதென்று எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.