இயந்திரம் வாங்குமுன் ஒரு கணக்கு நோட்டுப் போடுங்கள்

கேள்வி: நாங்கள் 40 குடும்பங்கள். அன்றாடப் பொருட்களை நாங்களே தயாரித்துக்கொள்ளக் கூட்டுறவு தொடங்க நினைக்கிறோம். மானியத்தில் சோப்பு இயந்திரம் வாங்கித் தருவதாக ஓர் ஆலோசகர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் தொழில் ஓடினாலும் நின்றாலும் அவருக்கு ஒன்றுதான். இயந்திரம் விற்பவரிடம் கமிஷன் வாங்கியதோடு அவர் வேலை முடிந்துவிடும். பூட்டிய கொட்டகைக்குள் துருப்பிடித்துக் கிடக்கும் இயந்திரங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனம் வெறுத்துவிட்டது. மானிய முறையும் இதற்குத் துணைபோகிறது. பல திட்டங்களில் இயந்திரத்துக்குப் பணம் வரும், மூலப்பொருளுக்கும் கூலிக்கும் வராது. எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் அதிகாரிகளுக்கு ஏறுவதில்லை.

முதலில் மூன்று மாதம் ஒவ்வொரு குடும்பமும் எதை, எவ்வளவு வாங்குகிறது என்று நோட்டில் எழுதுங்கள். வீட்டுக்கு மாதம் 5 சோப்பு என்றால்கூட மொத்தம் 200தான். சின்ன இயந்திரமே அதை ஓரிரு நாளில் முடித்துவிடும். மீதி நாட்களில் அதற்கு என்ன வேலை? ஆகவே இப்போதைக்கு மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் 1844இல் 28 பேர் அப்படித்தான் தொடங்கினார்கள். ஆளுக்கு ஒரு பவுண்டு. அதையும் வாரம் சில பென்னிகளாகச் சேர்த்தார்கள். கடையில் மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ், கொஞ்சம் மெழுகுவர்த்தி. மாவு ஆலை 1850இல்தான் வந்தது. 1854இல் தொடங்கிய நெசவாலைக்கு வெளியாரிடமும் பங்குப் பணம் வாங்கினார்கள். அந்தப் பங்குதாரர்கள் பெருகி, 1862இல் தொழிலாளருக்கான லாபப் பங்கையே நிறுத்திவிட்டார்கள். பணம் போட்டவர் கை ஓங்கினால் இப்படித்தான் ஆகும். ஆகவே பணம் எவ்வளவு போட்டாலும் ஒருவருக்கு ஒரே ஓட்டு என்று விதியில் எழுதிவிடுங்கள்.

அப்புறம், கடன் விற்பனை வேண்டாம். ஒரே விலக்கு, நோய் அல்லது வேலையிழப்பில் தவிக்கும் குடும்பம். அதற்கும் கடைக் கணக்கைத் தொடாதீர்கள். மாதாமாதம் சிறு தொகை ஒதுக்கித் தனி நிதி வையுங்கள். அந்த நிதி கடைக்கு ரொக்கம் கட்டட்டும், குடும்பம் நிதிக்குத் திருப்பட்டும். உச்சவரம்பு இருக்கட்டும், மூன்று பேர் சேர்ந்து முடிவெடுக்கட்டும், அந்த மூவரில் உதவி கேட்கும் குடும்பத்தின் உறவுக்காரர் இருக்கக் கூடாது. இரக்கத்தில் தளர்த்திய கடைகள் மூடியதைப் பார்த்ததால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஆலோசகர் மறுபடி வந்தால், இதுவரை அவர் இயந்திரம் வைத்துக்கொடுத்த மூன்று குழுக்களின் விலாசம் கேளுங்கள். நேரில் போய், கடைசி ஆறு மாத மின்கட்டண ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். இயந்திரம் ஓடுகிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.