மாஸ்க் போட்ட பிறகு கனவுகள் ஏன் பெருகுகின்றன?

கேள்வி: தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறது என்று என் கணவருக்கு சிபாப் கருவி (மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்துவது) கொடுத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து விடிய விடியக் கனவு. காலமான என் மாமனார் வந்து வரவு செலவுக் கணக்குக் கேட்டாராம்! கருவி மூளையைப் பாதிக்கிறதா?

பதில்: இல்லை. பட்டினி கிடந்தவர் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். கனவுகள் பெரும்பாலும் வரும் ஆர்.இ.எம். உறக்கத்தில் உடல் தசைகள் தளர்ந்துவிடும். தொண்டையும் அப்படியே; அதனால் மூச்சுப் பாதை அப்போது எளிதில் அடைபடும். மூச்சை மீட்க மூளை விழிக்கும், கனவு உறக்கம் அறுந்துபோகும். காற்றழுத்தம் பாதையைத் திறந்து வைத்ததும், இத்தனை நாள் கிடைக்காததை மூளை சேர்த்து எடுத்துக்கொள்கிறது. பெரியவர்களுக்கு மொத்த உறக்கத்தில் வழக்கமாக 20–25 சதவீதம் இருக்கும் இந்தப் பகுதி, தொடக்க இரவுகளில் அதைத் தாண்டலாம். பிறகு தானாக அடங்கும். மாமனாரின் கணக்கைத்தான் உங்கள் கணவரே தீர்க்க வேண்டும்.

கேள்வி: அதிகாலை 3 மணிக்கு மாஸ்க்கைக் கழற்றிவிடுகிறேன். அதுவரை போட்டது போதாதா?

பதில்: போதாது. கனவு உறக்கம் சுமார் 90 நிமிடங்களுக்கு ஒருமுறை வரும். முன்னிரவில் சில நிமிடங்களே நீடிக்கும். விடியலை நெருங்க நெருங்க நீளும். அடைப்பு மோசமாகும் நேரம் பார்த்துக் கழற்றுகிறீர்கள்! ஏன் கழற்றுகிறீர்கள் என்று பாருங்கள். கண்ணில் காற்று அடித்தால் மாஸ்க் கசிகிறது. பட்டையை உட்கார்ந்தபடி இறுக்காமல், கருவியை ஓடவிட்டு, படுத்த நிலையில் சரிசெய்யுங்கள். வாய் உலர்ந்தால் கருவியில் காற்றின் ஈரப்பதத்தைக் கூட்டிப் பாருங்கள்.

கேள்வி: கனவு உறக்கம் குறைவு என்று என் ஸ்மார்ட் வாட்ச் காட்டுகிறதே?

பதில்: அது நாடித்துடிப்பையும் அசைவையும் வைத்து ஊகிக்கிறது. மூளை அலைகளைப் பதிவு செய்யும் பரிசோதனைதான் உறுதியாகச் சொல்லும். கருவியின் திரையில் மணிக்கு எத்தனை மூச்சுத் தடை என்று பாருங்கள். 5-க்குக் கீழே இருந்தால் வாட்ச்சை மறந்துவிடுங்கள்.

கேள்வி: நீரில் மூழ்கும் கனவு அடிக்கடி வந்தது, மாஸ்க் போட்ட பிறகு நின்றுவிட்டது. இப்போது எந்தக் கனவும் நினைவில்லை.

பதில்: நல்லதுதான். கனவின் நடுவில் விழித்தால்தான் அது நினைவில் தங்கும். நீங்கள் விழிப்பதில்லை.

கேள்வி: என் அப்பா கனவில் கத்துகிறார், கையை வீசுகிறார்.

பதில்: சிகிச்சை பெறாத மூச்சுத் தடையே இப்படிச் செய்யவைக்கும். மாஸ்க் ஒழுங்காகப் போட்டும் தொடர்ந்தால் தள்ளிப்போடாதீர்கள். கனவின்போது தசைகள் தளராத கோளாறு ஒன்று உண்டு, முதியவர்களிடம் அது பார்க்கின்சன் நோய்க்கு முன்னோடியாகவும் வரலாம். நரம்பியல் மருத்துவரிடம் போகும்போது அப்பா சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் எடுத்துச் செல்லுங்கள். மனச்சோர்வு மருந்துகள் சிலவும் இதைத் தூண்டும். அதுவரை கட்டிலருகே கண்ணாடிப் பொருள் எதுவும் வேண்டாம்.